ஒளிராத கடிகாரத்தில் ரேடியம் இருக்குமா?

வாசகர் ஒருவர் கேட்டது, மார்ச் 4

"அப்பா 1950களில் வாங்கிய கைக்கடிகாரம் ஒன்று பெட்டியில் கிடக்கிறது. ரேடியம் வாட்ச் என்று பெருமையாகச் சொல்வார். சின்ன வயதில் அது இருட்டில் பச்சையாக மின்னியது எனக்கே நினைவிருக்கிறது. இப்போது துளிகூட ஒளி இல்லை. அப்படியென்றால் ரேடியம் தீர்ந்துவிட்டது, என் மகன் பிரித்துப் பார்த்து விளையாடக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?"

மார்ச் 4, இரவு 9.40

கொடுக்காதீர்கள். பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

கடிகாரச் சாயத்தில் இருக்கும் ரேடியம்-226 ஒரு கதிரியக்கத் தனிமம், அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அதாவது இருப்பதில் பாதி அழியவே அவ்வளவு காலம் ஆகும். எழுபது வருடத்தில் நூறில் மூன்று பங்குதான் குறைந்திருக்கும். இருட்டில் மின்னியது ரேடியம் இல்லை, அதோடு கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள் ஓயாமல் மோதி மோதி அந்தப் படிகங்கள் பாழாகிவிட்டன. திரி கருகிவிட்டது, எண்ணெய் அப்படியே இருக்கிறது.

கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிய கவலை இல்லை. ஆல்ஃபா கண்ணாடியைத் தாண்டாது. காமா என்ற இன்னொரு வகைக் கதிர் தாண்டும், ஆனால் அளவு குறைவு. மூடியைத் திறந்தால்தான் வம்பு. பழைய சாயம் உதிர்ந்து பொடியாகக் கிடக்கும். அது மூச்சிலோ வாயிலோ போனால் உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் வைத்துக்கொள்ளும்.

மார்ச் 4, இரவு 11.55

இவ்வளவு கறாராகச் சொல்லிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. காரணம், நானே அதைச் செய்தவன்.

எட்டு வயது இருக்கும். அப்பாவின் கடிகாரத்தைப் போர்வைக்குள் எடுத்துப்போய் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பது என் வழக்கம். முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகியதும் எண்கள் மெல்ல மேலெழும்பி வரும். ஒருநாள் எப்படியோ கண்ணாடி கழன்றுவிட்டது. ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து அதன் முள்ளால் 6 என்ற எண்ணைச் சுரண்டினேன். விரல் நுனியில் கொஞ்சம் பொடி. அது விரலிலும் ஒளிர்கிறதா என்று பார்த்தேன். ஒளிர்ந்தது. அந்த விரலை அப்புறம் என்ன செய்தேன் என்பது மட்டும் நினைவில் இல்லை. எட்டு வயதுப் பையன் விரலை என்ன செய்வான் என்பதும் தெரிந்ததுதான்.

மறுநாள் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ஆறு மணி எங்கடா?"

மார்ச் 5

நாக்கில் பட்டிருந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கான பதிலை வரலாறு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது, அதுவும் பெண்களின் தாடை எலும்பில்.

1917 முதல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு ஊரிலும், கொஞ்ச காலம் கழித்து இல்லினாயின் ஒட்டாவாவிலும் இளம்பெண்கள் கடிகார முகப்புகளுக்கு ரேடியச் சாயம் பூசினார்கள். எண்கள் மெல்லியவை. தூரிகை நுனி கூராக இருக்க அதை உதட்டில் வைத்துக் குவிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு முகப்புக்குப் பல தடவை, ஒரு நாளைக்கு எத்தனையோ முகப்புகள். விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் கூடப் பூசிக்கொண்டார்கள், இருட்டில் சிரித்துக் காட்ட. அதே நிறுவனத்தின் வேதியியல் ஆட்கள் ரேடியத்தை இடுக்கியால் பிடித்து, ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் கையாண்டார்கள். முதலில் பல் விழுந்தது, பிறகு தாடை அரித்தது. கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண் வழக்குப் போட வக்கீல் கிடைக்காமல் இரண்டு வருடம் அலைந்தார். அவரும் இன்னும் நால்வரும் தொடுத்த வழக்கு 1928இல் சமரசமாக முடிந்தது. அந்தச் சாயத்தைக் கண்டுபிடித்த சபின் வான் சொச்சாக்கியும் அதே ஆண்டு இறந்தார், ரேடியத்தால்தான்.

என் விரல் நுனிப் பொடியை அவர்கள் விழுங்கியதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் இதைப் படித்த நாளிலிருந்து பல் வலித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த 6தான்.

மார்ச் 5, மாலை

என் பைக்கில் ஒட்டியிருக்கும் ரேடியம் ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டுமா என்று இருவர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். அதில் ரேடியம் கிடையாது. வண்டி விளக்கின் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் சாதாரண பிளாஸ்டிக் தாள் அது. இருட்டில் பளிச்சென்று தெரிவது எல்லாமே நம் வாயில் ரேடியம் ஆகிவிட்டது. பொருள் போய்விட்டது, பெயர் நிற்கிறது. பெயருக்கும் அரை ஆயுள் நீளம்தான் போல.

இன்னொன்று. கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. முன்னது பாய்ந்து வரும் கதிர், பின்னது அதைத் தானாகவே விட்டுக்கொண்டிருக்கும் பொருளின் குணம். எக்ஸ்ரே எடுத்ததும் நீங்கள் கதிரியக்கம் உள்ளவராக ஆகிவிட மாட்டீர்கள். விளக்கை அணைத்தால் வெளிச்சம் போவதுபோல அதுவும் போய்விடும். ரேடியத்துக்குத்தான் சுவிட்ச் இல்லை.

மார்ச் 7

கடிகாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் பெட்ரோமாக்ஸை மறந்துவிட்டேன்.

பையன்களுக்கு அந்த விளக்கில் பிடித்த கட்டம், மேண்டில் மாற்றுவது. வெள்ளை நூல் வலையால் ஆன சின்னப் பை. கட்டி, நெருப்பு வைத்தால் துணி எரிந்துபோய் சாம்பல் கூடு மட்டும் அதே வடிவத்தில் நிற்கும். அதற்குப் பிறகு தொட்டால் பொடி. அந்தச் சாம்பல்தான் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தரும். எங்களுக்கு அது மந்திரம்.

மந்திரத்தின் பெயர் தோரியம். ஆஸ்திரியாவின் கார்ல் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக் 1880களில் வேறு கலவைகளில் தொடங்கி, 1891இல் சரியான விகிதத்தைப் பிடித்தார்: தோரியம் ஆக்ஸைடு 99 பங்கு, சீரியம் ஆக்ஸைடு 1 பங்கு. கதிரியக்கத்துக்காக அல்ல, சூட்டில் உருகாது, வெள்ளையாக ஒளிரும் என்பதற்காக. தோரியத்தில் கதிரியக்கம் உண்டு என்பதே 1898இல்தான் தெரியவந்தது. அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். இந்த மேண்டில் வியாபாரத்துக்காகத்தான் உலகம் தோரியம் கிடைக்கும் மோனசைட் மணலைத் தேடி அலைந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். கயிறு விற்கப்போய் மணல் விலைபோன கதை.

உடைந்த மேண்டில் பொடியை நாங்கள் சும்மா விட்டதில்லை. அது மிக மென்மையானது, முகப்பவுடரை விட. நான் அதைக் கன்னத்தில் பூசிக்கொண்டு பேய் வேஷம் போட்டிருக்கிறேன். உள்ளங்கையில் வைத்து அக்காவின் முகத்துக்கு நேரே ஊதியும் இருக்கிறேன்.

தோரியம் மிகச் சோம்பேறி, அதனால் கதிரியக்கம் குறைவுதான். ஆனால் மூச்சில் இழுப்பது என்பது வேறு கணக்கு. புதிய மேண்டிலை முதல்முறை எரிக்கும்போது தோரியம் சிதைந்து உண்டான வாரிசுத் தனிமங்கள் கொஞ்சம் புகையோடு கிளம்பும். அந்தப் புகையைத்தான் நாங்கள் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தோம். இப்போது பல தயாரிப்பாளர்கள் கதிரியக்கம் இல்லாத இட்ரியத்துக்கு மாறிவிட்டார்கள்.

மார்ச் 8

அக்கா படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். இரண்டு ஆட்சேபங்கள். ஒன்று, ஊதியது ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒப்புக்கொள்கிறேன். இரண்டு, நான் சுரண்டியது அப்பாவின் கைக்கடிகாரத்தை இல்லையாம், கட்டில் தலைமாட்டில் இருந்த அலாரம் கடிகாரத்தையாம். "கைக்கடிகாரத்தை அப்பா கழற்றிய நாளே கிடையாது, அதை நீ எப்படிப் போர்வைக்குள் கொண்டுபோனாய்?" என்கிறாள்.

எனக்கு அது கைக்கடிகாரம்தான். அந்தத் தோல் பட்டையின் வியர்வை நாற்றம்கூட நினைவிருக்கிறது. பார்க்கலாம்.

மார்ச் 10

எக்ஸ்ரேயால் ஆபத்து உண்டா என்று கேட்டவருக்கு.

மணிக்கட்டு முறிந்தபோது எனக்கு ஆறு வயது. கையை அசைக்காமல் வைக்கச் சொன்னார்கள், நான் துள்ளினேன். அம்மா என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஈய உடுப்பு எதுவும் தரவில்லை. படம் எடுத்தவர் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் போனார். அவர் ஏன் போகிறார் என்று அம்மா யோசித்திருக்க மாட்டாள். எனக்கும் நாற்பது வயதில்தான் தோன்றியது. அதற்கும் இரண்டு மாதம் கழித்துத் தோன்றியது இன்னொன்று: தம்பி அப்போது வயிற்றில்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எக்ஸ்ரே நல்லதல்ல என்பதை ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1956இலேயே சொல்லிவிட்டார். புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் அம்மாக்களிடம் விசாரித்ததில், கர்ப்பத்தில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள், நலமாக இருந்த குழந்தைகளின் அம்மாக்களில் இருந்ததைவிட அவர்களில் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தார்கள். மருத்துவ உலகம் அதை ஏற்றுக்கொள்ள இருபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அம்மாவுக்குக் கிடைத்தது நேரடிக் கதிர் அல்ல, என் கையில் பட்டுச் சிதறியது. மிகமிகக் குறைவு. தம்பி நன்றாகத்தான் இருக்கிறான், என்னைவிட உயரம் வேறு. இதை அவனிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.

பள்ளிக்கு வந்த எக்ஸ்ரே வண்டியும் உண்டு. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நெஞ்சை ஒட்டவைத்தார்கள். ஒளிரும் திரையில் விழும் நிழலைக் கேமராவால் சின்னப் படமாக எடுக்கும் முறை அது. 1930களில் பிரேசிலின் மனுவெல் தெ அப்ரேயு உருவாக்கியது. செலவு குறைவு, ஆனால் சாதாரண எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு. யார் அதிக நேரம் மூச்சை அடக்குகிறார்கள் என்று எங்களுக்குள் பந்தயம். வரிசையில் இரண்டாம் தடவை போய் நின்றவனும் உண்டு. அது நான் இல்லை.

மார்ச் 10, பின்குறிப்பு

செருப்புக் கடை எக்ஸ்ரேயை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டில் வளர்ந்த, என்னைவிட வயதில் மூத்த நண்பர் சொல்லித்தான் தெரியும். மரப்பெட்டியின் அடியில் காலை நுழைக்க வேண்டும். மேலே எட்டிப்பார்க்க மூன்று துளைகள்: பிள்ளைக்கு, அம்மாவுக்கு, விற்பவருக்கு. புது ஷூவுக்குள் விரல் எலும்பு பச்சையாக நெளியும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மட்டும் இப்படிப் பத்தாயிரம் பெட்டிகள் இருந்தன. 1957இல் பென்சில்வேனியா முதலில் தடை செய்தது. நண்பர் ஷூ வாங்காத நாட்களிலும் போய்க் காலை விட்டுப் பார்ப்பாராம். நான் பொறாமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 11

"டிவிக்குக் கிட்டே உட்காராதே, கண் கெட்டுவிடும்" என்று சொல்லாத அம்மா உண்டா? கண் கெடாது என்று வளர்ந்த பிறகு அம்மாவிடம் அறிவியல் பேசியிருக்கிறேன். இப்போது அதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். 1967இல் அமெரிக்காவில் சில வண்ணத் தொலைக்காட்சிகளிலிருந்து அளவுக்கு மேல் எக்ஸ்ரே கசிந்தது தெரியவந்து திரும்பப் பெற்றார்கள். உள்ளே இருந்த உயர் மின்னழுத்தக் குழாய் ஒன்றுதான் காரணம். அடுத்த ஆண்டே அதற்குச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை, மின்னழுத்தம் குறைவு, கசிவுக்கு வாய்ப்பில்லை. அம்மா சொன்ன காரணம் தப்பு, ஆனால் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

மார்ச் 13

தலைப்பிலிருந்து விலகுகிறேன் என்று குறைசொன்னவருக்கு: ஆமாம். இன்னும் கொஞ்சம் விலகுகிறேன்.

நாம் தொடாமலேயே உள்ளே வந்ததும் இருக்கிறது. அணுகுண்டுச் சோதனைகள் வானில் நடந்த காலத்தில், வெடிப்பில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 மழையில் இறங்கி, புல்லில் ஏறி, மாட்டின் வழியே பாலில் கலந்து, பிள்ளைகளின் எலும்பில் சேர்ந்தது. ரேடியத்தைப் போலவே இதுவும் கால்சியம் வேஷக்காரன். 1958 கடைசியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மருத்துவர் லூயிஸ் ரைஸ் தலைமையில் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் பற்கள் வந்து குவிந்தன. பல் கொடுத்த பிள்ளைக்கு ஒரு பேட்ஜ். சோதனைகள் தொடங்கிய பிறகு பிறந்த பிள்ளைகளின் பல்லில் அளவு ஏறிக்கொண்டே போனது. 1963இல் வானில் வெடிப்பதைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்தது. கூட்டங்களில் கத்தியவர்களைவிட அந்தப் பற்கள் அதிகம் பேசியிருக்கும் என்பது என் எண்ணம்.

மார்ச் 19

கதிர்வீச்சைச் சத்தமாக எண்ணிக் காட்டும் கைகர் கருவி ஒன்றை நண்பரிடமிருந்து நான்கு நாள் இரவல் வாங்கினேன். இனி நினைவு இல்லை, எண்.

சும்மா மேசையில் வைத்தால் நிமிடத்துக்கு 22 டிக். அப்பாவின் கைக்கடிகாரத்தின் மேல் வைத்தால் 24. அதாவது ஒன்றுமே இல்லை. மூன்று தடவை அளந்தேன், கருவியைத் தட்டிப் பார்த்தேன், பேட்டரி மாற்றினேன். 24, 21, 23.

பழைய சாமான் டப்பாவில் பிரிக்காத மேண்டில் பொட்டலம் ஒன்று கிடைத்தது. அதன் மேல் வைத்தேன். 310. அக்காவுக்கு அந்தச் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்கவைத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அதைத்தான் என் மூஞ்சியில் ஊதினாயா?" என்றாள்.

மார்ச் 20

கடிகாரத்தில் எதுவும் இல்லை என்று நேற்று எழுதியது அவசரம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகப்பின் அடியில், 6க்குக் கீழே, பொடி எழுத்தில் ஸ்விஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஆங்கிலத்தின் டி எழுத்து. அது ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனின் அடையாளம். 1960களில் ரேடியத்தைக் கைவிட்டு ட்ரிட்டியத்துக்கு மாறினார்கள். அதன் பீட்டா துகள் அவ்வளவு பலவீனம், கடிகாரக் கண்ணாடியையே தாண்டாது, என் கருவிக்குள் எங்கே நுழையப்போகிறது. அரை ஆயுளும் 12.3 வருடம்தான். இத்தனை வருடத்தில் பெரும்பகுதி போயே போய்விட்டது.

அதைவிட முக்கியம், 6 என்ற எண் முழுசாக இருக்கிறது. சுரண்டிய தடமே இல்லை.

அக்கா சொன்னது சரி.

கேள்வி கேட்டவரே, உங்கள் முகப்பிலும் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ட்ரிட்டியம்.

மார்ச் 21

22 டிக் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. கருவியை எங்கே கொண்டுபோனாலும் அது பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. மண், சுவர், வானம் எல்லாவற்றிலிருந்தும் வருவதுதான். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவெர்ட் என்ற அலகில் சொல்வார்கள்; உலக சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவெர்ட் இப்படி இயற்கையிலிருந்தே கிடைக்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.1. அப்படிப் பார்த்தால் சும்மா இருப்பதே வருடத்துக்கு இருபத்துச் சொச்சம் எக்ஸ்ரே.

இந்த 2.4இல் ஏறத்தாழ பாதி ரேடான் என்ற கதிரியக்க வாயு. தரையிலிருந்து கசிந்து மூடிய அறையில் தங்குவது. 1984இல் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், கட்டுமானத்தில் இருந்த அணுமின் நிலையத்தில் வேலைசெய்தவர், கதிர்வீச்சுக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அது அலறியது. நிலையத்தில் எரிபொருளே இன்னும் வைக்கவில்லை. ஒருநாள் வேலைக்குள் போகும்போதே கடந்து பார்த்தார், அப்போதும் அலறியது. அவர் அதைக் கொண்டுவந்தது தன் வீட்டிலிருந்து. பிள்ளைகளை நாம் "வெளியே போகாதே, உள்ளேயே இரு" என்கிறோம்.

உடம்பும் சும்மா இல்லை. பொட்டாசியத்தின் கதிரியக்க வகையான பொட்டாசியம்-40 மட்டுமே வளர்ந்த ஒருவருக்குள் நொடிக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் சிதைகிறது. அதே பொட்டாசியம் இருக்கிறதென்று வாழைப்பழத்தைக் காட்டிப் பயமுறுத்தும் செய்தி அனுப்புகிறவர்கள் முதலில் கண்ணாடியைப் பார்க்கட்டும்.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். முகப்பில் அந்த எழுத்து இல்லை. 1950களின் கடிகாரம், ஒளிரும் சாயம், எழுத்து இல்லை. அப்படியென்றால் ரேடியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கி மூடும் பையில் போட்டு, படுக்கையறையில் இல்லாமல் வேறெங்காவது வையுங்கள். பழுதுபார்க்கக் கொடுத்தால் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள், அவர்தான் திறப்பவர்.

மார்ச் 23, கருவியைத் திருப்பித்தர வேண்டிய நாள்

அக்கா காலையில் வந்தாள், கையில் ஒரு துணி மூட்டை. உள்ளே அந்த அலாரம் கடிகாரம். இத்தனை வருடம் அவள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது, சொல்லவே இல்லை. கண்ணாடிக்கு மேலே கருவியை ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தேன். தனித்தனி டிக் இல்லை, ஒரே இரைச்சல். 1,900. கைக்கடிகாரத்தைவிட இதில் முகப்பு பெரியது, சாயமும் அதிகம்.

6க்கு நடுவே ஒரு கீறல்.

கருவியை மெல்ல நகர்த்தினேன். ஒரு முழ தூரத்தில் 45. தூரம் இரட்டிப்பானால் அளவு கால்வாசி என்பது சூத்திரமாகத் தெரியும், காதால் கேட்டது இதுதான் முதல்முறை. தலையணைக்கும் தலைமாட்டு மேசைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு முழம்தான். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி. ஆனால் அக்காவுக்கு வேறு கணக்கு.

"கடிகாரப் பக்கம் படுத்தது யார்?"

நான்தான். அடம்பிடித்து வாங்கிய இடம். அவள் சுவரோரம்.

"அப்போ மேண்டிலுக்கும் இதுக்கும் சரியாப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள். கடிகாரத்தை இரண்டு பைகளுக்குள் போட்டுக் கட்டிவிட்டேன். அதை எங்கே ஒப்படைப்பது என்று உரிய துறைக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.